தலையற்ற கனவான்களும் தேசாந்தரத் துணியும்

ஜாவாத் தீவின் பெண்கள் உருக்கிய மெழுகைக் கொண்டு கையாலேயே கோலமிட்டுச் சாயம் தோய்த்து வந்த பாத்திக் துணியை யந்திரத்தில் மலிவாக அச்சடித்து அந்தத் தீவிலேயே விற்றுவிடலாம் என்று ஹாலந்து தேசத்து ஆலை முதலாளிகள் கணக்குப் போட்டதும், அந்தக் கணக்குப் பிசகிச் சரக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் போய் இறங்கியதும், அங்கே அது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் இன்றியமையாத வஸ்திரமாகி, 'ஆப்பிரிக்கத் துணி' என்ற பிரசித்தியோடு லண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் சந்தைக்கு வந்து குவிந்ததும், நவீன வியாபார சரித்திரத்தின் விசித்திரமான அத்தியாயங்களில் ஒன்று. அந்தச் சந்தையில் அந்தத் துணியை விலைக்கு வாங்கிய யின்கா ஷோனிபாரே என்ற கலைஞர், சித்திரம், சிற்பம், புகைப்படம், சினிமா, நாட்டியம் என்று துறை மாறினாலும் துணியை மாற்றாமல், முப்பது ஆண்டுகளாக ஒரே விஷயத்தை விசாரித்து வருகிறார். தேசம் விட்டுத் தேசம் போகிற மனிதனுக்கும் பொருளுக்கும் சொந்த ஊர் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு?

ஷோனிபாரே 1962-ஆம் ஆண்டு லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் லாகோஸ் நகருக்குத் திரும்பிற்று. தகப்பனார் வக்கீல், வசதிக்குக் குறைவில்லாத வீடு. வீட்டில் யொருபா மொழியும் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் விடுமுறைக்கு லண்டனுமாக வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு இரண்டு உலகங்களுக்கு நடுவே போய் வருவது நித்திய வழக்கமாக இருந்ததே ஒழிய, வேதனையாக இருந்ததாகத் தெரியவில்லை. தேசாந்தரம் போனவர்களைப் பற்றிய கலையிலும் எழுத்திலும் சோகமே பிரதான ரசமாக இருப்பது நாம் அறிந்தது. இவருடைய சிருஷ்டிகளில் ஹாஸ்யமும் பரிகாசமும் ஓங்கி நிற்பதற்கு அந்தப் பால்யம் ஒரு காரணமாக இருக்கலாம். பதினேழு வயதையொட்டிப் படிப்புக்காக இங்கிலாந்து சென்றவரைப் பதினெட்டாம் வயதில் முதுகுத்தண்டின் அழற்சி நோய் ஒன்று தாக்கிப் படுக்கையில் கிடத்தியது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு நடமாட்டம் ஓரளவு மீண்டதாயினும் உடம்பின் ஒரு பக்கம் பழைய சுவாதீனத்தைப் பெறவில்லை. கற்பனை தம்முடையதாகவும் கைவேலை பெரும்பாலும் உதவியாளர்களுடையதாகவும் அவர் தொழிலை அமைத்துக்கொண்டது இதனால்தான்.

லண்டனில் பயாம் ஷா கலைப்பள்ளியில் அவர் மாணவராக இருந்தபோது, சோவியத் ருஷ்யாவில் கோர்பசேவ் தொடங்கிய சீர்திருத்தங்களைப் பற்றிச் சித்திரங்கள் தீட்டிக்கொண்டிருந்தார். அவற்றைப் பார்த்த ஆசிரியர் ஒருவர், ஆப்பிரிக்கராகிய நீங்கள் ஏன் அசலான ஆப்பிரிக்கக் கலையைப் படைக்கக் கூடாது என்று கேட்டாராம். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஓர் ஆங்கிலேய மாணவன் ருஷ்ய அரசியலைச் சித்திரித்தால் அதை அறிவின் விசாலம் என்று மெச்சுகிற உலகம், நைஜீரிய மாணவன் அதையே செய்தால் தன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று நினைக்கிறது என்பதை அந்தக் கேள்வி அவருக்குப் பிரத்தியட்சமாக்கிவிட்டது. அசல் ஆப்பிரிக்கம் எதுவென்று தேடிக்கொண்டு பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போனவர், ஆப்பிரிக்காவின் அடையாளமென்று தாமும் பிறரும் நம்பியிருந்த அந்தப் பளபளக்கும் துணியின் பூர்வீகத்தை அங்கேதான் அறிந்துகொண்டார். ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் வேறு கிடைத்திருக்காது.

துணியின் ஜாதகத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஜாவாவில் கைத்தொழிலாளி மெழுகைத் தடவுகிற இடத்தில் ஹாலந்துக்காரர்கள் உருளைகளைக் கொண்டு துணியின் இரண்டு பக்கங்களிலும் குங்கிலியம் போன்ற பிசினை அச்சிட்டு, அவுரிச் சாயத்தில் தோய்த்தார்கள். பிசின் ஆறும்போது அங்கங்கே வெடிப்பு விடும்; வெடிப்பின் வழியே சாயம் இறங்கித் துணி முழுவதும் சிலந்தி வலைபோல மெல்லிய நரம்புகள் ஓடும். ஜாவாக்காரர்களின் கண்ணுக்கு இது குற்றம். கையால் செய்த நல்ல வேலையில் நரம்பு விழுவது தொழில் தெரியாதவன் லட்சணம் என்று அவர்கள் கருதினார்கள். மேற்கு ஆப்பிரிக்கர்களோ அந்த நரம்புகளையே அழகென்று கொண்டார்கள். எந்த இரண்டு கஜமும் முழுக்க ஒன்றுபோல் இராது என்பது அவர்களுக்கு விசேஷமாகப் பட்டது. ஹாலந்தில் ஹெல்மாண்ட் என்னும் ஊரில் 1846-ல் ஏற்பட்ட விலிஸ்கோ என்ற ஸ்தாபனம் இன்றளவும் இந்தத் துணிக்குப் பேர்போனது. 1890-களில் பிரௌன் பிளெமிங் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி இன்றைய கானாவாகிய கோல்ட் கோஸ்ட் கரைக்கு இதைக் கொண்டுபோய்ச் சந்தை பிடித்தார். ஹாலந்து அரசாங்கம் 1831 முதல் 1872 வரை கோல்ட் கோஸ்டிலிருந்து ஏறத்தாழ 3,000 பேரைத் தன் கிழக்கிந்திய சேனைக்குச் சிப்பாய்களாக எடுத்தது. அவர்களில் ஊர் திரும்பியவர்கள் பெட்டியில் பாத்திக் துணியைக் கொண்டுவந்ததால்தான் அங்கே அதில் ருசி பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க ரசமான கதை; ஆனால் கரையில் காத்திருந்த பெண் வியாபாரிகளின் தேர்ந்த கண்ணை மறைத்துவிட்டு எல்லாப் புகழையும் சிப்பாயின் பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறது என்பதனால் எனக்கு அதில் பூரண நம்பிக்கை இல்லை.

இந்தக் கடல் வியாபாரத்தில் நம் பக்கத்துத் தறிகளுக்கும் பங்கு உண்டு. ஹாலந்துத் துணி போவதற்கு வெகு காலம் முன்பே சோழமண்டலக் கரையின் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. புதுச்சேரியில் நீலம் தோய்த்த 'கினே' என்ற துணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகால் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்குவதற்கு நாணயமாகவே செலாவணியாயிற்று. சென்னை ராஜதானியின் தறிகளில் நெய்த கட்டம்போட்ட துணி 'மதராஸ் கைக்குட்டை' என்ற பெயரோடு லண்டன் வழியாக நைஜர் ஆற்று முகத்துவாரத்துக்குப் போயிற்று. நைஜீரியாவின் இக்போ மக்கள் 'ஜார்ஜ்' என்று சொல்லி உயர்வாகப் போற்றும் துணிவகை, நம் சென்னையின் ஜார்ஜ் கோட்டையிலிருந்து அந்தப் பெயரைப் பெற்றது. இதில் பெருமை கொள்ள இடம் இருப்பதுபோலவே வெட்கப்படவும் இடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமைகளை விலைக்கு வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுபோன சரக்கில் இந்தியப் பருத்தித் துணி மிகப் பெரிய பகுதி; தறியில் உட்கார்ந்திருந்த நெசவாளிக்குத் தன் பாவு எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வந்த துணியை வந்தபடியே ஏற்காத ஒரு ஜனமும் அங்கே இருந்தது. முகத்துவாரத்துக் கலபாரி மக்களின் பெண்கள், மதராஸ் துணியில் சில இழைகளை மட்டும் கூரிய கத்தியால் தூக்கி அறுத்து உருவியெடுத்து, முன்பு இல்லாத கோலத்தை அதில் தோற்றுவித்தார்கள். எதையும் சேர்க்காமல், இருப்பதில் கொஞ்சத்தை நீக்கியே பிறர் நெய்த துணியைத் தமதாக்கிக்கொண்ட அந்த வித்தை, ஷோனிபாரேயின் கலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது.

அவரும் முதலில் செய்தது கிட்டத்தட்ட அதுதான். 1994-ல் 'டபிள் டச்' என்ற படைப்பில், இந்தத் துணியைச் சிறு சிறு சட்டங்களில் இழுத்துக் கட்டி, மேலே வர்ணம் தீட்டி, இளஞ்சிவப்புச் சுவரில் 50 சதுக்கங்களாக நிறுத்தினார். கித்தானில்தான் உயர்ந்த சித்திரம் வரைய வேண்டும் என்ற ஐரோப்பிய சம்பிரதாயத்தைச் சந்தைத் துணி கேலி செய்தது. பிறகு அவர் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரபுக்களும் சீமாட்டிகளும் அணிந்த உடுப்புகளை அதே தையல் நுட்பத்தோடு இந்தத் துணியில் தைத்து, தலையில்லாத பொம்மைகளுக்கு உடுத்தத் தொடங்கினார். ஆங்கிலச் சித்திரக்காரர் கெயின்ஸ்பரோவின் பிரசித்தமான ஆண்ட்ரூஸ் தம்பதியை 1998-ல் தலையில்லாமல் உட்கார வைத்தார். பிரெஞ்சுச் சித்திரக்காரர் பிராகோனாரின் ஊஞ்சல் பெண்ணை 2001-ல் தலையில்லாமல் ஆட விட்டார். பிராகோனாரின் கனவான்களும் கனவதிகளும் பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினுக்குப் பலியாகப் போகிறவர்கள் என்பது ஒரு பரிகாசம். தலை இல்லாவிட்டால் வெள்ளையரா கறுப்பரா என்று நிறம் பிரிக்க முடியாது என்பது மற்றொன்று. நிலத்தைத் தன் சொத்தாகக் காட்டிக்கொண்டு சித்திரத்துக்கு உட்கார்ந்த ஆண்ட்ரூஸ் துரையின் ஐசுவரியம் எந்தக் கடலைக் கடந்து வந்தது என்ற கேள்வியை, கலைஞர் வாய் திறவாமல், அவர் உடுப்பின் மூலமாகவே கேட்டுவிடுகிறார்.

2003-ல் செய்த 'ஆப்பிரிக்காவுக்காகப் போட்டி' என்ற படைப்பில் பரிகாசம் கடுமையாகிறது. 1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை பெர்லினில் 14 தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, ஓர் ஆப்பிரிக்கரைக்கூடச் சபையில் வைத்துக்கொள்ளாமல், அந்தக் கண்டத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள விதிமுறை வகுத்தார்கள் அல்லவா? அந்தச் சபையை அவர் நீண்ட மேஜையைச் சுற்றிய 14 தலையற்ற உருவங்களாக அமைத்தார். மேஜைமேல் ஆப்பிரிக்காவின் வரைபடம். உருவங்களின் கைகள் ஆவேசமாக நீளுகின்றன, சுட்டுகின்றன, மடங்குகின்றன. யோசிப்பதற்கு வேண்டிய அவயவம் மட்டும் ஒருவரிடமும் இல்லை. அத்தனை பேரும் அணிந்திருப்பது, தாங்கள் பங்கிடும் கண்டத்தின் சந்தைகளில் விற்கிற துணி.

பார்வையாளரைச் சிரிக்க வைத்துக்கொண்டே தம்மையும் பரிகாசத்துக்கு உட்படுத்திக்கொள்வது அவருடைய சாமர்த்தியம். விக்டோரியா காலத்து உல்லாசப் பிரபுவாகத் தாமே வேஷம் தரித்து, வெள்ளைக்கார வேலையாட்களும் சினேகிதர்களும் சூழ ஒரு நாளைக் கழிக்கும் ஐந்து புகைப்படங்களை 1998-ல் எடுத்தார். அவை லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரச் சீட்டுகளாக ஒட்டப்பட்டன. 2004-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு 'சாம்ராஜ்யத்தின் அங்கத்தினர்' என்ற பட்டத்தைக் கொடுத்தபோது, அதை மறுப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சாம்ராஜ்யம் போய்ப் பட்டம் மட்டும் எஞ்சியிருக்கும் விநோதத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று, அதைத் தம் பெயரோடேயே சேர்த்துக் கையொப்பமாக்கிக்கொண்டார்.

ஜனங்களிடம் அவருக்கு மிகுந்த பிரியத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது 2010-ல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வைக்கப்பட்ட 'புட்டிக்குள் நெல்சனின் கப்பல்'. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பலை முப்பதில் ஒரு பங்கு அளவில் செய்து, அதன் 37 பாய்களையும் இந்தத் துணியிலேயே தைத்திருந்தார். பிறகு பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி அதை கிரீனிச்சில் உள்ள கடல் அருங்காட்சியகத்துக்கு வாங்கினார்கள். அழகான பொருள்தான், ஆனால் அழகு மிஞ்சியதனால் கேள்வி மழுங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பலதரப்பட்ட மக்கள் கூடிவாழும் லண்டனுக்கு மங்கள வாழ்த்தாக அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கப்பற்படை காத்துக்கொடுத்த கடல்வழிகளில் எது எதெல்லாம் ஏற்றிச் செல்லப்பட்டது என்று நினைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அந்தக் குறை 2014-ல் பிரைட்டன் நகரில் அவர் அமைத்த 'பிரிட்டிஷ் நூலகம்' என்ற படைப்பில் இல்லை. அதுவே அவருடைய படைப்புகளில் தலையாயது என்று கருதுகிறேன். பழைய நூலகக் கட்டடம் ஒன்றின் அலமாரிகளில் 6,328 புத்தகங்கள்; ஒவ்வொன்றுக்கும் இந்தத் துணியால் மேலுறை; பலவற்றின் முதுகில் பொன்னெழுத்தில் ஒரு பெயர். ஜெர்மனியிலிருந்து வந்த சித்திரக்காரர் ஹோல்பைன், அமெரிக்காவிலிருந்து வந்த கவி எலியட், ஜமைக்கா நாட்டுத் தாய்க்குப் பிறந்த நாவலாசிரியை ஸேடி ஸ்மித் என்று, தாமாகவோ தம் பெற்றோர் மூலமாகவோ பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் அவை. அவர்களுக்கு நடுவே, இப்படி வெளியிலிருந்து வருகிறவர்களை எதிர்த்தவர்களின் பெயர்களையும் அவர் வைத்திருக்கிறார். எதிர்த்தவர்களுக்குத் தனி அலமாரி இல்லை. உறைத்துணியிலும் பேதம் இல்லை. மூன்றாவது வகையாகப் பெயரே பொறிக்காத முதுகுகளும் உண்டு. பார்வையாளர்கள் தங்கள் குடும்பம் எங்கிருந்து எப்படி வந்தது என்பதை எழுதிச் சேர்க்கவும் வழி செய்திருந்தார்.

இந்தப் புத்தகங்கள் திறந்து படிப்பதற்கு அல்ல. உறைக்கு உள்ளே இருக்கும் நூலுக்கும் முதுகில் இருக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. நூலகம் என்று பெயர் வைத்துவிட்டு வாசிக்க விடாமல் செய்வது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் புதிதாக வந்து குடியேறியவனைச் சுற்றியுள்ள சமூகம் எப்போதும் இப்படித்தானே அறிந்துகொள்கிறது? உறையைப் பார்க்கிறார்கள், பெயரை வாசிக்கிறார்கள், அத்துடன் தெரிந்துகொண்டதாகத் திருப்தி அடைகிறார்கள். 2019-ல் இந்தப் படைப்பை டேட் கலைக்கூடம் வாங்கிற்று.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. துணியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா அன்று என்ற உண்மையை அறிந்து லண்டன், நியூயார்க் ரசிகர்கள் புன்னகை புரியும்போது, அந்தப் புன்னகையில் மேற்கு ஆப்பிரிக்க மக்கள் ஏதோ ஏமாந்துபோனவர்கள் என்ற தொனி கலந்துவிடுகிறது. அவர்கள் ஏமாறவில்லை. ஹாலந்து ஆலை தன் கோலங்களுக்கு எண் மட்டுமே கொடுத்தது. பெயர் வைத்தவர்கள் சந்தைப் பெண்கள். பறக்கும் பறவை உள்ள துணி கானாவில் 'பணத்துக்குச் சிறகு உண்டு' ஆயிற்று. கூண்டை விட்டுப் பறவை வெளியேறும் துணி, 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று புருஷனுக்கு மனைவி விடுக்கும் எச்சரிக்கையாயிற்று. டோகோ தேசத்தின் லோமே நகரில் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் பவனி வந்ததால் 'நானா பென்ஸ்' என்று பெயர் பெற்ற பெண் வியாபாரிகள், எந்தக் கோலம் விலைபோகும் என்று ஆலைக்காரர்களுக்கே யோசனை சொன்னார்கள். சில கோலங்களை விற்கும் ஏகபோக உரிமையையும் பெற்றிருந்தார்கள். 1994 ஜனவரியில் அந்தப் பிராந்தியத்து பிராங்க் நாணயத்தின் மதிப்புப் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, ஹாலந்துத் துணியின் விலை எகிறி அவர்கள் தொழில் நொடித்தது. பின்னால் சீனத்து நகல் துணி வந்து மிச்சத்தையும் வாரிக்கொண்டது. 'டபிள் டச்' உருவானதும் அதே 1994-ல்தான். துணியின் பூர்வீகம் ஓரிடத்தில் கலை விவாதமாகத் தொடங்கிய ஆண்டில், அதைத் தங்களுடையதாக்கியவர்கள் வேறோரிடத்தில் அதை இழந்துகொண்டிருந்தார்கள். ஷோனிபாரேயின் உருவங்களில் பிரபுக்கள் உண்டு, சீமாட்டிகள் உண்டு, ராஜதந்திரிகள் உண்டு. அந்தச் சந்தைப் பெண்கள் இல்லை.

பிற்காலப் படைப்புகளில் பரிகாசம் தணிந்து நேரடியான அக்கறை தலைகாட்டுகிறது. 2015 முதல் அவர் செய்துவரும் 'அகதி விண்வெளி வீரன்' என்ற உருவம், துணியாலான விண்வெளி உடுப்பு அணிந்து, சட்டி முட்டி உட்பட உலகியல் சாமான்களையெல்லாம் வலையில் கட்டி முதுகில் சுமந்து நடக்கிறது. புதிய கிரகத்தைப் பிடிக்கப் போகிறவன் அல்ல அவன். இருந்த இடம் வாழத் தகாததாகப் போனதால் கிளம்பியவன். 2024-ல் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடத்தில், அடைக்கலம் தந்த கட்டடங்களைச் சிறிய உருவில் வெளியே கறுப்பாகவும் உள்ளே விளக்கொளியில் துணிக்கோலங்களாகவும் அமைத்துக் காட்டினார். இதே காலத்தில் அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை லாகோஸில் ஒரு விடுதியும் இஜேபுப் பகுதியில் ஒரு பண்ணையும் நடத்தி, பல தேசத்துக் கலைஞர்களை வரவழைத்துத் தங்கி வேலை செய்ய வைக்கிறது. 2022-ல் தொடங்கிய இந்த ஏற்பாட்டினால், அவர் பதினேழு வயதில் போன வழியிலேயே மற்றவர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள்.

இனி ஒரு முக்கியமான ஆட்சேபம். பிறப்பிடம் என்பது பெரிய விஷயமில்லை, ஜாவாவில் கருவாகி ஹாலந்தில் உருவான துணி ஆப்பிரிக்கத் துணியாகலாம் என்றால், 1897-ல் ஆங்கிலேயப் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரத்து அரண்மனையிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற பித்தளைச் சிற்பங்கள் லண்டன் அருங்காட்சியகத்தின் சொத்தாகிவிட்டன என்று அருங்காட்சியகத்தாரும் வாதிக்கலாமே? பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் பெனின் பொருள்கள் 900-க்கும் மேல் இருக்கின்றன. வெனிஸ் நகரத்து 2024-ஆம் ஆண்டுக் கலைவிழாவில் நைஜீரிய மண்டபத்துக்காக ஷோனிபாரே செய்த படைப்பு இந்த ஆட்சேபத்துக்கு விடையாக அமைந்திருக்கிறது. கொள்ளைபோன சிற்பங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் களிமண்ணில் நகல் செய்து அவர் கூட்டமாக நிறுத்தினார். அவற்றுக்குத் துணியும் இல்லை, வர்ணக் கோலமும் இல்லை. படையெடுப்பை நடத்திய தளபதி ஹாரி ராசனின் மார்பளவுச் சிலை ஒன்றை மட்டும் அந்தத் துணியின் கோலங்களால் அலங்கரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்தார். அருங்காட்சியகப் பொருளாகும் முறை இப்போது தளபதிக்கு வந்தது. துணியை மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், பெயர் வைத்தார்கள், தங்களுக்கு வேண்டிய கோலத்தைக் கேட்டு வாங்கினார்கள்; பித்தளைத் தலைகளையோ யாரும் விலை பேசவில்லை, வீட்டுக்காரர்களைத் துரத்திவிட்டு வாரிக்கொண்டு போனார்கள். இரண்டும் கடல் கடந்தவைதான். ஆனால் ஒன்றுக்குக் கிரயம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. அந்தக் கிரயப் பத்திரத்தைக் காட்டும்படி பிரிட்டனைப் பார்த்துக் கேட்பவர், அந்நாட்டின் பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்ட, லண்டனில் பிறந்த ஒரு பிரஜை.